கத்தி மரு

சடையாண்டி இன்றைக்குக் கறி வெட்டவில்லை, வேறு யாரையோ வெட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அது தெரியாது. கூட்டத்துக்குத் தொடைக்கறியும் நெஞ்செலும்பும்தான் தெரியும், வெட்டுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு வெட்டில் போகிற எலும்புக்கு மூன்று வெட்டு போட்டான். சில்லு தெறித்து முன்னால் நின்ற வாத்தியாரின் சட்டையில் ஒட்டியது. “எலும்பத் தூளாக்கிறாதப்பா, குழம்புல பல்லுல மாட்டும்” என்றார் அவர். “சரிங்க சார்” என்று வாய் சொல்லிற்று. காது மேலே இருந்தது. கடைக்கு மேல்தான் வீடு. தளத்துக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி நாகஜோதி நடக்கிற சத்தம் கேட்டது. அடுப்படிக்குப் போகிறாள். திரும்புகிறாள். குழாயைத் திறக்கிறாள். இப்போது நிற்கிறாள். எதற்கு நிற்கிறாள்? ஜன்னல் பக்கமா? ஜன்னலில் நின்று யாரைப் பார்க்கிறாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து தலைக்கு மேல் கேட்கிற நடைதான். அதைக் கேட்டுக்கொண்டே வெட்டினால் வேலை தானாக ஓடுகிறது என்று பீற்றிக்கொண்டவன்தான். இன்றைக்கு ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் விழுந்தது. வெட்டுக்கட்டைக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி, சூரிக்கத்தி இருந்தது. தோல் உரிக்கிற மெல்லிசுக் கத்தி. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தீட்டினான், ஆட்டுக்காக இல்லை. கூட்டம் கலைந்ததும் கடையை இழுத்து மூடிவிட்டு, மாடிப்படி ஏறி, அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறான். யார் அவன்? பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அதற்கப்புறம் சூரிக்குத்தான் வேலை. பிள்ளையை நேற்றே அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று. “ரெண்டு நாள் இருக்கட்டும்க்கா” என்றபோது அக்கா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றியது. அரைக் கிலோவைக் கவரில் போட்டு வாத்தியாரிடம் நீட்டினான்.

நீட்டிய கையில் மரு இருந்தது. விரல் கணுக்களில் மூன்று, கட்டைவிரல் ஓரத்தில் ஒன்று. கறிக்கடைக்காரன் கையில் மரு இல்லாவிட்டால்தான் அதிசயம். நாள் முழுக்க ஈரத்திலும் கொழுப்பிலும் ஊறுகிற கை, எலும்பும் கத்தியும் கீறிக்கொண்டே இருக்கிற கை. அவன் அப்பா அதற்குக் கத்தி மரு என்று பேர் வைத்திருந்தார். அப்பாவுக்கு உண்டு, சித்தப்பாவுக்கு உள்ளங்கை நிறைய உண்டு. வந்தால் யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை. கத்தி நுனியால் சீவி எறிந்துவிட்டு, உருக்கிய கொழுப்பில் மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம்தான் அவனைக் கெடுத்தது. போன தை மாசம் குளிக்கும்போது கீழே, உறுப்பின் அடிப்பக்கத்தில், விரலுக்குச் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டபோது அவன் பயப்படவில்லை. சிரித்துக்கூடக் கொண்டான். கத்தி மரு இங்கேயும் குடிவந்துவிட்டதா, கையில் இடம் போதவில்லையா என்று. வலி இல்லை. சீழ் இல்லை. எப்போதாவது லேசாக அரித்தது. தோல் நிறத்திலேயே நாலைந்து மொட்டு. ஆட்டுக் குடலைத் திருப்பிப் போட்டுக் கழுவும்போது உள்பக்கம் பொடிப்பொடியாகத் துருத்திக்கொண்டு நிற்குமே, அது மாதிரி. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு புது பிளேடு எடுத்துச் சீவினான். பல்லைக் கடித்த கடியில் தாடை இரண்டு நாள் வலித்தது. ரத்தம் நிற்கவே இல்லை, துண்டு துண்டாகத் துணி நனைந்தது. ஆயிரம் ஆட்டின் ரத்தத்தைப் பார்த்தவனுக்கு அந்த ரத்தத்தைப் பார்த்துக் கண் இருட்டியது. பங்குனியில் திரும்பி வந்தது. பழைய இடத்தில் மட்டுமில்லை, பிளேடு போன தடம் முழுக்க வரிசை கட்டி வந்தது. மறுபடி சீவினான். மறுபடி வந்தது, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு. கத்திக்கு அடங்காத ஒன்று உலகத்தில் உண்டு என்று அவன் புத்திக்கு ஏற ஆடி மாசம் ஆகிவிட்டது.

“தம்பி, ஈரல் இருக்கா?” என்று ஒரு கிழவர் கேட்டார். இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஈரல், சுவரொட்டி, தலை, கால், எல்லாம் கொக்கியில் தொங்குகிறது. தெரிந்த முகம் தட்டுப்படாத ஊராகப் பார்த்து, பஸ் மாறிப் போய்த்தான் போன மாசம் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தான். சின்ன வயசுப் பெண். அவர் முன்னால் வேட்டியை விலக்க வேண்டியிருந்ததை இப்போது நினைத்தாலும் காது கொதித்தது. விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது, “எத்தனை தடவை பிளேடு வச்சீங்க?” என்றுதான். “நாத்து நடுற மாதிரி நீங்களே இழுத்து இழுத்துப் பரப்பி விட்டிருக்கீங்க” என்றார். கையை நீட்டிக் காட்டினான், இதுதானே அது, எங்கள் தொழிலில் வருவதுதானே என்று. “இல்லீங்க. வைரஸ் ஒரே குடும்பம்தான். ஆனா கைக்கு வர்ற வகை வேற, இங்க வர்ற வகை வேற. இது உடலுறவுல, தோலும் தோலும் உரசுறப்ப ஒட்டுறது” என்றார். அங்கேயே அவன் காது அடைத்துக்கொண்டது. அதற்கப்புறமும் டாக்டரம்மா பேசினார், நிதானமாக, ஒரு தாளில் படம்கூடப் போட்டுக் காட்டினார். உதடு அசைந்தது தெரிந்தது. மருவின் மேல் குளிர்ந்த மருந்தைத் தொட்டு வைத்தபோது சுரீரென்று நெருப்பாய்ச் சுட்டது தெரிந்தது. “வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க” என்றது மட்டும் விழுந்தது. ஒட்டுகிற வியாதி. ஒட்டவைக்க ஓர் ஆள் வேண்டும். தாலி கட்டின பிறகு அவன் வேறு எவளையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்படியென்றால்? பஸ்ஸில் வரும்போது அப்படியென்றால், அப்படியென்றால் என்று சக்கரம் சுற்றியது. ஊர் வந்து இறங்கும்போது அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. ஈரலை நறுக்கினான். கத்திக்கு ஈரல் என்ன பெரிய பொருட்டு, தொட்டாலே இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

விடை கிடைத்தவனுக்குச் சாட்சிக்கா பஞ்சம்? வரிசையாக வந்தன. ஆவணியிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் பேங்குக்குப் போகிறேன் என்று கிளம்புகிறாள். பேங்கில் அவளுக்கு அப்படி என்ன வேலை? போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஏறுகிறாள். அவன் படியில் காலை வைத்தால் பேச்சு நிற்கிறது. ராத்திரி பக்கத்தில் போனால் உடம்பு சரியில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சரியில்லாத உடம்பு செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படிச் சரியாகிறது? அப்புறம் அந்தத் தங்கப்பாண்டி. அவளுடைய அத்தை மகன். இவளுக்கென்று பேசி வைத்து, ஜாதகம் பார்த்து, ஏதோ ஒத்துவராமல் விட்டுப்போனது. அவன் வேறு கல்யாணம் பண்ணி நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறான். போன வாரம் அவள் போனை எடுத்துப் பார்த்தான். தங்கப்பாண்டி வீட்டு நம்பர், அடுத்தடுத்து. கத்தி இறங்கியது. விலா எலும்பு நொறுங்கியது. முதலில் அவனையா, அவளையா? அவளை என்றால் கழுத்தா, வயிறா? ஆட்டுக்கு எங்கே வைத்தால் சீக்கிரம் அடங்கும் என்று அவன் கைக்குத் தெரியும். சீக்கிரம் அடங்கக் கூடாது. அவள் பார்க்கவேண்டும். பார்த்துச் சொல்லவேண்டும். சீ, என்ன மனசு இது, பெற்ற பிள்ளைக்குத் தாய் அவள், காய்ச்சலில் கிடந்தபோது அவன் எடுத்த வாந்தியைக் கையில் ஏந்தியவள். அந்தக் கைதான் இன்னொருத்தனையும் தொட்டது. கையை முதலில் எடுக்கவேண்டும். “என்னப்பா, நான் கொழுப்பு வேணாம்னு சொன்னேன்” என்றாள் ஒரு பெண். பார்த்தால் தராசில் வெறும் கொழுப்பாக வெட்டிப் போட்டிருந்தான். எடுத்துவிட்டு வேறு போட்டான்.

அந்த நேரம் பார்த்துத் தங்கப்பாண்டியே வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒயர்கூடை. முறைக்கு இவன் அண்ணன், அவன் தம்பி. “அண்ணே, ஒரு கிலோ. நெஞ்செலும்பு கொஞ்சம் சேத்துப் போடுங்க” என்றான். சடையாண்டிக்குக் கத்திப் பிடி வழுக்கியது. வேர்வையா, கொழுப்பா என்று தெரியவில்லை. இரண்டடி தூரத்தில் அந்தக் கழுத்து. ஷேவ் பண்ணிய இடத்தில் சின்னதாகப் பிளேடு வெட்டு. உனக்கும் இருக்கிறதா? வேட்டிக்குள்ளே உனக்கும் மொட்டு மொட்டாக இருக்கிறதா? அவிழ்த்துக் காட்டச் சொல்லலாம், இந்தக் கூட்டத்துக்கு நடுவில், கட்டைமேல் படுக்கப்போட்டு. “என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு?” “ஒண்ணுமில்ல. தூக்கமில்ல.” தங்கப்பாண்டி முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “ஜோதிக்கு இப்ப உடம்பு எப்படிண்ணே இருக்கு?” தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்த கால் நின்றது, அல்லது நின்றதாக இவனுக்குத் தோன்றியது. உடம்பு. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கட்டினவனிடம் கேட்கிறான். கத்தியை ஓங்கினான். ஓங்கிய இடத்தில் அது இருந்தது, இருந்தது, ஒரு கோழி ரோட்டைக் கடந்து போகிற அளவு நேரம் இருந்தது. தங்கப்பாண்டி கண்ணைச் சிமிட்டவில்லை. பாவி, அவன் கறி வெட்டத்தான் ஓங்கியிருக்கிறது என்று நம்பி நின்றான். கத்தி நெஞ்செலும்பில் இறங்கி, எலும்பைத் தாண்டி, கட்டைக்குள் நாலு விரற்கடை இறங்கிற்று. பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. “நல்லாத்தான் இருக்கா” என்றான் சடையாண்டி. ஒரு கிலோவுக்கு மேலேயே போட்டுக் கொடுத்தான். ஏன் கூடப் போட்டோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

கட்டையில் விழுந்த வெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குள்ளிருந்துதான் டாக்டரம்மாவின் குரல் கிளம்பியது. அடைத்த காது கேட்காமல் விட்டதாகத்தான் நினைத்திருந்தான். எல்லாம் கேட்டுத்தான் இருக்கிறது. கேட்டதைக் கொழுப்பு மாதிரி வெட்டி ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறான். “இது ஒட்டின உடனே வெளிய தெரியணும்னு இல்லீங்க. மாசக்கணக்குல, சில பேருக்கு வருசக்கணக்குல உள்ளயே சும்மா கெடக்கும். நெறைய பேருக்குக் கடைசிவரைக்கும் மருவே வராது, ஆனா அவங்ககிட்ட இருந்து ஒட்டும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படாதீங்க.” சந்தேகப்படாதே என்று சொல்ல இவள் யார்? வருஷக்கணக்காக என்றால்? எலும்பை வெட்டினான். வருஷக்கணக்காக என்றால் எந்த வருஷம்? கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மொத்தமாக ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போனார்கள், கூட்டாளிகளோடு. மழை பிடித்துக்கொண்டது. லாட்ஜில் தங்கினார்கள். இல்லை, அதைப் பற்றி இப்போது என்ன? அந்த அறையில் பச்சைப் பெயின்ட், ஜன்னலுக்கு வெளியே விற்காத ஆடுகள் ராத்திரி முழுக்கக் கத்தின. அந்தப் பெண்ணுக்குப் பேர்கூடக் கேட்கவில்லை. அடுத்த சந்தைக்கும் போனான், அதற்கடுத்த சந்தைக்கும். அது கல்யாணத்துக்கு முந்தி, அது கணக்கில் வராது. உறை போட்டானே! போட்டான், சத்தியமாகப் போட்டான். “உறை போட்டா ஆபத்து கொறையும், ஆனா அது மூடாத எடத்துலயும் இந்த வைரஸ் இருக்கும்” என்றது அந்தக் குரல். வாயை மூடு. மூடவில்லை. அடிப்பக்கத்தில், தொடையோரத்தில், உறை மூடாத இடத்தில்தான் முதல் மொட்டு வந்தது. கத்தி எலும்பில் படாமல் கட்டையில் விழுந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப்போய் வெட்டலாம் என்று நினைத்தான். அவளுக்கு யார் கொடுத்தான்? அவனை வெட்டவேண்டும். அவனுக்குக் கொடுத்தவளை. வெட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்கும்? சந்தையில் கட்டின ஆடு மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்று நின்றுகொண்டே போகிறது வரிசை. அந்த வரிசையில் அவனும் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் நாகஜோதி. தை மாசத்திலிருந்து ஆடி மாசம்வரை, சீவிய புண் ஆறியதும் ஆறாததுமாக அவளிடம் போய்க்கொண்டுதானே இருந்தான்? விளக்கை அணைத்துவிட்டு. கறைப்பட்ட துணியை ஒளித்து வைத்துவிட்டு. இல்லை. இல்லை, அவள்தான். செவ்வாய்க்கிழமை எங்கே போனாள்? அதைச் சொல்லட்டும். “அவங்களுக்குக் கருப்பை வாய்ல ஒரு சோதனை பண்ணிரணும். இந்த மரு புத்துநோயா மாறாது. ஆனா இதே குடும்பத்துல அப்படி மாறுற வகையும் இருக்கு, கூடவே ஒட்டியிருக்கலாம்” என்றது குரல். கையிலிருந்த துண்டு இப்போது கறியாகவும் இல்லை எலும்பாகவும் இல்லை, கூழாகிவிட்டது. அதை வழித்து நாய்க்கு எறிந்தான்.

வெயில் ஏறிக் கூட்டம் கலைந்தது. கொக்கியில் ஒரு கால் மட்டும் தொங்கியது. தலைக்கு மேல் நடை கேட்கவில்லை. பக்கத்துப் படியில் கொலுசுச் சத்தம் இறங்கி வந்தது. அவன் மேலே போகவேண்டும் என்றிருந்தான், அவளே வருகிறாள். நாகஜோதி டீயைக் கொண்டுவந்து தராசு மேடையின் கோடியில் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டெட்டு பின்னால் போய், தெருவோரத்தில், ஷட்டர் தூணை ஒட்டி நின்றாள். “ஏங்க” என்றாள். “ம்.” “ஒண்ணு சொல்லணும்.” அவன் கட்டைக்கு அடியில் கையை விட்டுத் துண்டைத் தொட்டான். “நான் செவ்வாக்கெழம பேங்குக்குப் போகல. தங்கப்பாண்டி பொண்டாட்டி மலர்க்கொடி கூட ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கீழ மரு வந்துருச்சு. போன வருசம் ஐப்பசியிலயே வந்துருச்சு.” ஐப்பசி. அவனுக்கு வந்தது தையில். அவளுக்குத்தான் முதலில்! கை துண்டுக்குள் நுழைந்து பிடியை இறுக்கியது. “நீங்க கத்தி மருன்னு சொல்லுவீங்கள்ல. உங்க கையில இருந்துதான் ஒட்டிருச்சுன்னு நெனச்சேன். சுண்ணாம்பு வச்சேன். வெந்து போச்சு, உக்கார முடியல. உங்ககிட்டச் சொல்லப் பயம். அப்புறம்தான் மலர்க்கொடி இழுத்துட்டுப் போச்சு. அங்க கேட்டாங்க, வீட்டுக்காரர் எப்படி, நீங்க எப்படின்னு. நான் வேற யார்கிட்டயும் போகலீங்க. பிள்ள மேல சத்தியமா.” யாருக்கு முதலில் வெளியே தெரிகிறதோ அவர்தான் கொண்டுவந்தார் என்று அர்த்தமில்லை. டாக்டரம்மா அதையும் சொன்னார், அந்தப் படத்தில் விரலை வைத்துக் காட்டிச் சொன்னார். பிடி கைக்குள் இருந்தது. “பிள்ளைய நேத்து எதுக்கு அக்கா வீட்டுல விட்டீங்க?” என்று கேட்டாள். “விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காலையில கத்தி தீட்டுனதும் கேட்டுச்சு. ஓடிறலாமான்னு பாத்தேன். எங்க ஓடுறது? அதான் இங்க வந்து சொல்றேன். இங்கன்னா நாலு பேரு பாப்பாங்க.” அப்போதுதான் சடையாண்டி அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தான். மேடைக்கு அந்தப் பக்கம், கையை நீட்டி வீசினாலும் கத்தி எட்டாத இடம். இன்றைக்குப் பார்த்து நிற்கிற இடமில்லை அது. கோபம் வந்தால் கையில் இருப்பதை ஓங்குகிறவன் அவன், அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டீயைக் கோடியில் வைத்துவிட்டு அவள் அங்கேதான் போய் நிற்கிறாள். அவனுக்கு அது மரியாதையாகத் தெரிந்திருந்தது. அவள் தரையை அளந்து வைத்திருந்திருக்கிறாள். துண்டோடு கத்தியை வெளியே எடுத்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அதை மேடைமேல், டீக்குப் பக்கத்தில், அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான். “எனக்கும் இருக்கு” என்றான். “பிளேடு வச்சு அறுத்துப் பாத்தேன். போகல.” கட்டையில் விழுந்த வெட்டைப் பார்த்தான். “கல்யாணத்துக்கு முந்தி, சந்தைக்குப் போறப்ப, லாட்ஜுல…” என்றான். அழுகை வந்துவிட்டது, ரத்தக் கையால் முகத்தைத் துடைத்தான். “நாளைக்கே போவோம். ரெண்டு பேரும். ஒனக்கு ஒரு சோதனை பண்ணணுமாம்.” நாகஜோதி துண்டில் சுற்றிய கத்தியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “பண்ணியாச்சு. முடிவு செவ்வாக்கெழம வரும்” என்றாள். அப்புறம், “டீ ஆறுது, குடிங்க” என்றாள். நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.